கர்தினால் எரிக்காதது

சுவிசில், இந்த லாங்கன்தாலில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு நல்ல வீடு எடுத்துக் கொடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. சமையல் மணக்கும் என்பார்கள், ஆட்கள் வந்து போவார்கள் என்பார்கள். நான் போய்ப் பேசினால் கிடைக்கும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. நான் யார் என்று தெரியாமல் மற்றதை எழுதினால் எல்லாம் தலைகீழாகத் தெரியும், அதற்காகச் சொல்கிறேன்.

என் பெயர் குணசேகரம். இந்த ஊர்த் தமிழ்ச் சபையின் போதகர். தொழிற்சாலையில் அரை நாள் வேலை, மிச்சமெல்லாம் சனத்துக்கு. விசா புதுப்பிக்க, பள்ளிக்கூடத்தில் ஆசிரியரோடு பேச, டொக்டர் சொல்வதைத் தமிழில் சொல்ல என்னைத்தான் கூப்பிடுவார்கள். கோயிலுக்குப் போகிற ஆட்களும்தான். எனக்கு ஜெர்மன் தெரியும் என்று பொலிசில் உங்களுக்கும் தெரியும். ஆனால் இதைத் தமிழில்தான் சொல்ல வரும் என்று சொன்னேன், நீங்களும் வேணுகாவை மொழிபெயர்க்க இருத்தியிருக்கிறீர்கள். இங்கேயே பிறந்த பிள்ளை, என்னைவிட நல்ல ஜெர்மன். இத்தனை காலம் மற்றவர்களுக்காகப் பேசிய எனக்கு இன்றைக்கு இன்னொருவர் பேசுகிறார். கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கிறது.

என் மேசையிலிருந்து நீங்கள் எடுத்துவந்த படத்தில் இருப்பவர் யார் என்று கேட்டீர்கள். கர்தினால் சிஸ்னேரோஸ். ஐந்நூறு வருடத்துக்கு முந்திய ஸ்பெயின்காரர். நொஷாட்டலில் வேதாகமம் படித்த காலத்தில் கட்டுரை எழுத எனக்குக் கிடைத்த ஆள். அவர் கத்தோலிக்கர், நாங்கள் வேறு சபை. ஆனாலும் அப்படி ஒரு மனிதரைப் பார்க்க முடியாது. பட்டு அங்கிக்கு உள்ளே துறவியின் முரட்டுத் துணிதான். அரசியின் பாவங்களைக் கேட்கும் குருவாக அரண்மனைக்குப் போனவர், அரியணை வெறுமையாகக் கிடந்த காலத்தில் நாட்டையே ஆண்டார். கிரனாடாவில் முஸ்லிம்களுக்குக் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் கொடுத்தார். அவர்களுடைய அரபு நூல்களைச் சதுக்கத்தில் குவித்துக் கொளுத்தினார். மருத்துவ நூல்களை மட்டும் எரிக்காமல் எடுத்து வைத்துக்கொண்டார். அவருடைய விசுவாசம் தளர்ந்த ஒரே இடம் அதுதான் என்று நான் கட்டுரையில் எழுதினேன். ஆசிரியர் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுத் தந்தார்.

இனி ஜெயந்திக்கு வருகிறேன். கலியாணம் கட்டி யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெண். புருஷன் பாலேந்திரன் சூக் நகரில் ஒரு உணவகத்தில் வேலை என்று போனவன், அங்கே வேறொருத்தியோடு குடும்பமாகத் தங்கிவிட்டான். அவனை நம்பித்தான் இவளுடைய விசா இருந்தது. கையில் வலிப்புக்கார மகள், ஹரிஷா. ஜெர்மனில் வணக்கம் சொல்வதைத் தவிர வேறொன்றும் தெரியாது. நான்தான் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி அவளைத் திருப்பி அனுப்பாமல் காப்பாற்றினேன். அதன் பிறகு அவளாகவே சபைக்கு வந்தாள். நான் ஒரு வார்த்தை கூப்பிடவில்லை.

ஞானஸ்நானத்துக்கு முதல் வீட்டிலுள்ள சாமித்தட்டைக் கழற்றுவது எங்கள் சபையின் வழக்கம். நானே போனேன். படங்களின் கண்ணாடியைக் கழற்றித் தெருக்கோடியில் கண்ணாடிக்கென்று வைத்திருக்கும் தொட்டியில் போட்டேன். சாதகக் கொப்பி, கோயிலில் கட்டிய கைநூல், படங்கள் எல்லாவற்றையும் காட்டோரத்தில் சனங்கள் இறைச்சி வாட்டுகிற இடத்தில் வைத்து எரித்தேன். அங்கே நெருப்பு மூட்டலாம், தடை இல்லை.

எங்கள் தமிழ்ச் சனத்திடம் ஒரு பழக்கம் இருக்கிறது. முக்கியமான எதையும் சாமிக்கு முன்னால் வைப்பார்கள். புது வீட்டுக் கதவுத் திறப்பு, விசாக் கடிதம், பிள்ளையின் பள்ளிக்கூட றிப்போர்ட். ஜெயந்தி மகளுடைய வலிப்பு மருந்தையும் அங்கேதான் வைத்திருந்தாள். பாணி மருந்து, கரண்டியில் ஊற்றிக் கொடுப்பது. ஒவ்வொரு புதுப் போத்தலுக்கும் மூன்று குறி திருநீறு பூசிப் பிள்ளையார் காலடியில் வைத்து எடுத்துத்தான் கொடுப்பாளாம். ஆகவே அது படைத்தது. விக்கிரகத்துக்குப் படைத்ததை விசுவாசி வீட்டில் வைத்திருக்க முடியாது. நான் போத்தல்களை எடுத்து உறையில் போட்டேன்.

"பாஸ்டர் மாமா, அது என்ரை மருந்து. கொண்டு போகாதேங்கோ" என்றது பிள்ளை. நான் அதற்கு ஒரு படக்கதை வேதாகமம் கொடுத்தேன்.

"நிப்பாட்டினால் வலிப்பு வருமெண்டு டொக்டர் சொன்னவர்" என்றாள் ஜெயந்தி.

"டொக்டர் சொன்னதெண்டு உமக்குச் சொன்னது ஆர்? நான்தானே."

அவள் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மருந்தை எரித்தேன் என்று எழுதினால் பிழை. மீந்த மருந்தை மருந்துக் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் இந்த நாட்டு ஒழுங்கு. அப்படியே கொடுத்தேன். கடைப் பெண் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். கர்தினால் எரிக்காதது அவருடைய பலவீனம், நான் எரிக்காதது சட்டத்துக்காக.

முதல் இரண்டு கிழமையும் பிள்ளைக்கு ஒன்றும் வரவில்லை. ஞாயிறு ஆராதனையில் ஜெயந்தியை எழுப்பிச் சாட்சி சொல்ல வைத்தேன். மருந்தில்லாமலே மகளுக்குச் சுகம் என்று சொன்னாள். சபை முழுக்கக் கைதட்டியது, சிலர் அழுதார்கள், நானும் அழுதேன். நிலக்ஷன் என்கிற பெடியன் அதைப் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பினான். பிரான்சிலிருந்தும் ஆட்கள் போன் எடுத்துக் கதைத்தார்கள். அதன் பிறகு நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். சாட்சியைத் திரும்பப் பெற எந்தச் சபையிலும் வழி இல்லை.

அடுத்த கிழமை சின்னதாக ஒரு வலிப்பு வந்தது. ஜெயந்தி என் வீட்டுக்கே ஓடி வந்தாள். "பாஸ்டர், மருந்தை எடுத்துத் தாங்கோ. நான் கேட்டால் கடையிலை விளங்காது. உங்கடை காலிலை விழுறன்" என்றாள். விழவும் செய்தாள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. இது சோதனை, பொறும் என்று சொல்லித் தூக்கிவிட்டேன். டொக்டரிடமிருந்தும் அழைப்பு வந்தது. அங்கே கொடுத்திருந்தது என் நம்பர். மருந்துச் சீட்டுப் புதுப்பிக்க வரவில்லையே, பிள்ளை ஒழுங்காக எடுக்கிறதா என்று கேட்டார்கள். எடுக்கிறது, எல்லாம் ஒழுங்கு என்றேன். நல்ல ஜெர்மனில் சொன்னேன்.

வேணுகா, ஏன் நிறுத்தினீர் பிள்ளை? சொல்லும். தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்லும்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நான் மண்டபத்தில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தேன். என்ன நடந்தாலும் முதலில் எனக்குப் போன் அடிக்க வேண்டும் என்று ஜெயந்திக்குப் பழக்கியிருந்தேன், அவளும் எனக்குத்தான் அடித்தாள்.

"பாஸ்டர், பிள்ளைக்கு வந்திட்டுது. நிக்குதில்லை. அம்புலன்சுக்கு அடிக்கட்டோ?"

"உமக்கு அவையோடை கதைக்க வராது. மண்டபத்துப் போனிலை நான் அடிக்கிறன். நீர் போனைப் பிள்ளையின்ரை காதிலை வையும்."

நான் செபித்தேன். முழுக்கச் செபித்தேன். செபத்தின் நடுவே தாயின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "அடிச்சிட்டியளோ, பாஸ்டர்? வருகினமோ?" ஓம், வருகினம் என்றேன். நான் அடிக்கவில்லை. அம்புலன்ஸ் வந்தால் முதல் கேள்வியே மருந்து எங்கே என்பதாக இருக்கும். ஜெயந்திக்காக அதற்குப் பதில் சொல்ல வேண்டிய ஆளும் நான்தான். இதை நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். பிள்ளை அசையவில்லை என்று அவள் சொன்ன பிறகுதான் அடித்தேன். அவர்கள் வருவதற்கு முன் நான் வீட்டுக்குப் போய்விட்டேன். ஜெயந்தி வாசலிலேயே என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப வந்திடுவினம், என்ன பாஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஓம் என்றேன். அவளுக்குப் பின்னால் பிள்ளை மூச்சில்லாமல் கட்டிலில் கிடந்தது. அந்தப் படக்கதைப் புத்தகம் தலைமாட்டில் இருந்தது.

இதில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. எழுதியதை வேணுகா வாசித்துக் காட்டினால் கையெழுத்து வைக்கிறேன்.

ஒரு சின்ன விஷயம் மட்டும். நாளைக்கு ஜெயந்தியை விசாரிக்கக் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னீர்கள். பாவம், தனியாக வந்து என்ன செய்வாள், ஒரு சொல் ஜெர்மன் தெரியாது. புது ஆட்களோடு பேசவும் பயப்படுவாள். அவளுக்கு வேறு ஆள் தேட வேண்டாம். நான் வந்து மொழிபெயர்த்துத் தருகிறேன்.