துணைக்குப் போனவளையும் அமுக்கிட்டாங்க

...வலிக்குமாவா? பின்ன, கிச்சுகிச்சு மூட்டவா நம்மள வரச் சொல்லிருக்காங்க? வலிக்கும்மா. கொஞ்ச நேரந்தான். ஆனா அந்தக் கொஞ்ச நேரம் இருக்கே... அப்பப்பா! நான் ஓட்டல் துணி வெளுக்குற எடத்துல வேலை பாக்குறவ. பெட்ஷீட்ட ரெண்டு உருளைக்கு நடுவுல விட்டுத் தேய்ப்போம். இங்க ரெண்டு பிளாஸ்டிக் தட்டு. நடுவுல நம்ம... ஆங், அதேதான். 'மூச்ச அடக்குங்க'ங்குறா அந்த நர்ஸு. அடியே, மூச்சே அங்கதான மாட்டிக்கிட்டிருக்கு, எதை அடக்குறது!

எல்லாம் என் நாத்தனாரால வந்தது. வீட்டுக்காரரோட தங்கச்சி. அவளுக்கு நாங்க வச்ச பேரு ஸ்பீக்கரு. அடுப்படியில அவ முணுமுணுத்தா தெருவுல பஸ்ஸு நிக்கும். இந்த நாட்டு பாஷை அவளுக்கு அரைகுறை, அத வச்சே மேனேஜரத் திட்டிட்டு வருவா. ஆனா இந்த மேமோகிராம் டெஸ்டுன்னா மட்டும்... ஒரு தடவ டாக்டரு, தமிழ்ல சொல்றதுக்குன்னு போன்ல ஒரு ஆளப் புடிச்சாரு. ஆம்பள! 'அம்மா, உங்க மார்புல...'ன்னு ஆரம்பிச்சான் பாவம். இவ போன டாக்டரு கையிலயே திணிச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டா. ஆமாங்குறேன்!

நான் மட்டும் எதுக்கு அவளப் போ போன்னு அரிச்சேன்னா... எங்க மடிக்கிற மேசையில என் பக்கத்துல ஒருத்தி நிப்பா. வேற நாட்டுக்காரி. சைகையிலயே சண்ட போடுவோம், சைகையிலயே ராசியாவோம். மார்புல வந்த கட்டிய யாருக்கும் காட்டாம வச்சிருந்திருக்கா. லீவு போட்டா வேலை போயிடுமோன்னு பயம். கடைசியில காட்டினப்ப... ப்ச், விடு. அவ ஏப்ரன் இன்னும் ஆணியில தொங்குது. எடுக்க யாருக்கும் கை வரல.

அதான், செருப்பு வாங்கப் போறோம்னு பொய் சொல்லி ஸ்பீக்கர இழுத்துட்டு வந்தேன். ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு கத்துறா பாரு, 'நீ மட்டும் பண்ணிக்கிட்டியாக்கும்? நீ போனாத்தான் நான் போவேன்!' எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க, மானம் போகுது. நானும் அதுவரைக்கும் போனதில்லதான். சரி, அவ வாய மூடுறதுக்காக நானும் சட்டையக் கழட்டினேன்.

அவளுக்கு ஒண்ணுமில்லன்னுட்டாங்க. என்னத் திரும்பக் கூப்பிட்டாங்க.

ஆமா, என்னத்தான்! பயறு அளவு. தடவிப் பாத்தாக்கூட தெரியாது. ஊசி போட்டு எடுத்துப் பாத்துட்டு கேன்சருன்னாங்க. ஸ்பீக்கரு அன்னிக்குத்தான் வாயடச்சு நின்னா. 'ஏதாச்சும் பேசுடி, பயமா இருக்கு'ன்னேன். வெட்டி எடுத்தாங்க, ரேடியேஷன்னு கரண்டு வச்சாங்க, பொழச்சுக்கிட்டேன். இப்ப சும்மா செக்கப்புக்கு வந்திருக்கேன். ஆனா அவ தொல்ல தாங்கலம்மா! வர்றவங்க போறவங்ககிட்டல்லாம், 'இவ உசுரு நான் போட்ட பிச்ச'ங்குறா. இழுத்துட்டு வந்தது யாரு? நானா, அவளா? நீயே சொல்லு!

ஏம்மா... பையத் தூக்கிட்டு எங்க? பாத்ரூமு இந்தப் பக்கம். அது வெளிய போற கதவு. ஏய்... ஏய்! போயிட்டாளே!

...என்ன, திரும்பி வந்துட்ட? லிப்டுகிட்ட நின்னாளா? அவதான் ஸ்பீக்கரு. அவளத் தாண்டி நான்கூட வெளிய போக முடியாது. உக்காரு. கையக் குடு... அய்யோ, ஜில்லுனு இருக்கே! இந்தா, உன்னத்தான் கூப்புடுறாங்க. நானும் கூட வரட்டா?

சரி, நீயே போறியா. போ... போ சாமி. கோட்ட என்கிட்ட குடுத்துட்டுப் போ, நான் இங்கதான் இருப்பேன்.