அண்ணன் வீட்டுப் பக்கம் போகாத புகை

— இன்னும் ஒரு டின்னா? போதும், இறங்குங்க. ஏணி ஆடுது.

— ஆடுறது ஏணி இல்ல குமாரி, என் காலு. நீ ஏணியை விடாமப் பிடி, காலை நான் பாத்துக்கறேன்.

— கூரையைத் தாண்டியே ரெண்டு எண்ணெய் டின் போயிடுச்சு. பனவெல்லம் காய்ச்சுற அடுப்புக்கு இம்மாம் பெரிய புகைக்குழாயா? இன்சீன் ரயில் பட்டறையைக் கொல்லைக்குத் தூக்கிட்டு வந்துட்டான்னு சனம் சிரிக்கப் போவுது.

— சிரிக்கட்டும். அந்த வீடியோவுல வெள்ளைக்காரன் இதைவிட உசரமா வச்சிருந்தான். சுத்திப் பனி கொட்டுது, தலையில குல்லா, மரத்துச் சாறைத் தகர டிரேயில ஊத்திக் காய்ச்சுறான். நாம செஞ்ச அதே டிரே. என்ன, அவனோடது ஒழுகல.

— அவனுக்குப் பக்கத்துல வீடு இருந்துச்சா?

— கண்ணுக்கு எட்டின தூரம் இல்ல. குடுத்து வச்சவன்.

— அதைச் சொல்லுங்க. உங்க அண்ணனுக்காகத்தானே இந்தப் பாடு?

— அவனுக்காக நான் எதுக்கு ஏணி ஏறணும்? என் கண்ணு எரியுது, அதான்.

— இத்தனை வருசமா எரியாத கண்ணு! மா சூ சுவத்து மேல எட்டிப் பாத்துச் சொன்ன அன்னைக்குல்ல எரிய ஆரம்பிச்சுது. அவ என்னதான் சொன்னா? நீங்களும் ஒவ்வொரு தடவை ஒவ்வொண்ணு சொல்றீங்க.

— எங்க அண்ணன் மருமக தமிழ் உனக்குத் தெரியாதா? பர்மாக்காரப் புள்ள, கல்யாணம் கட்டி வந்து கத்துகிட்டது. ‘ஊலே, ஊலே’ன்னு, அதான் அவங்க பேச்சுல சின்ன மாமான்னு, கூப்பிட்டா. நானும் என்னமோ ஏதோன்னு ஓடினேன். ‘நீங்க வெல்லம் காச்சுனா எங்க வீடு பூரா நாத்தம் வருது ஊலே, மாமாதான் சொல்லச் சொல்லுச்சு’ங்கறா. சொல்லிட்டுச் சிரிக்கிறா.

— சிரிச்சாளா?

— பல்லு தெரிய. அதுதான் வலிக்குது. எட்டு வருசமா ஒரு பேச்சு இல்ல. முதமுதல்ல அண்ணன் சொல்லிவிட்ட சேதி, நாத்தம்.

— அத்தை செத்தப்ப உங்க அண்ணன் பொங்கிகளை, அந்தப் புத்த சாமியாருங்களை, கூப்பிட்டுச் சோறு போட்டு ஓதணும்னார். நீங்க தேவாரம் பாடிக் கொள்ளி வைக்கணும்னீங்க. ரெண்டையும் செஞ்சிருக்கலாம்.

— செஞ்சிருக்கலாம். அப்புறம் சண்டையை எதை வச்சுப் போடுறது?

— உங்களுக்கு எல்லாம் விளையாட்டு. டாக்டர் கைவிரிச்சுட்டாராம், தெரியுமா? படுத்த படுக்கை. கஞ்சி இறங்கினா உண்டாம்.

— தெரியும். இருமல் கேக்குது. ஒவ்வொரு இருமலுக்கும் நான் இங்க அடுப்பைப் பாக்குறேன். அம்மாவை எரிச்ச புகையிலதான் நாங்க பிரிஞ்சோம் குமாரி. அவன் என் புகையில போக வேண்டாம்.

— சரி. டின்னை வாங்குங்க. பாத்து, விளிம்பு கையைக் கிழிக்கும்.

— தட்டவா? இந்தச் சத்தம் அவனை எழுப்பிடாதே?

— அவருக்குக் காது போயி ஒரு வருசமாச்சுங்க.

— அட, ஆமா. நல்லதுதான். உன் பாட்டு இனி எனக்கு மட்டும்.

— பாட்டு இருக்கட்டும், அது என்ன கையில? என் சோத்துப்பானை மூடியா!

— குழாய்க்குத் தொப்பி. மழை உள்ள இறங்கக் கூடாதுல்ல.

— சோத்துல பூச்சி இறங்கலாமா?

— தட்டைப் போட்டு மூடு. இந்தா, கட்டியாச்சு. இறங்கறேன். நெருப்பை வை.

— நாலஞ்சு நாளா அடுப்பு குளுந்து கெடக்கு. பதநீரெல்லாம் புளிச்சதுதான் மிச்சம்.

— பனையேறிக்குக் குடுத்தோமே, அவனுக்கு லாபம். குடிச்சுட்டு இப்ப மரத்தை அண்ணாந்து மட்டும் பாக்குறான். ஊது, ஊது.

— பிடிச்சுகிச்சு. இழுக்குதுங்க! டிரேயை மூடின கூண்டு வழியா ஆவி கூடக் குழாய்க்குள்ள போவுது. மேல பாருங்க, நேரா ஏறி ரயில் ரோட்டுப் பக்கம் சாயுது.

— அண்ணன் வீட்டுப் பக்கம்?

— ஒரு இழை போகல.

— நல்லாப் பாத்துச் சொல்லு.

— ஒரு இழை போகலைங்க.

— குமாரி, நான் செஞ்ச ஒண்ணு ஒழுங்கா வேலை செய்யுது. சாமிக்கு விளக்குப் போடு.

— ஊலே! ஊலே!

— வா மா சூ! ஏன் ஓடியார? மாமாகிட்டப் போயிச் சொல்லும்மா. இனிமே உங்க வீட்டுக்கு நாத்தம் வராது.

— வராதா? ஏன் ஊலே, ஏன் வராது?

— நீதானேம்மா வந்து சொன்ன, நாத்தம் வருதுன்னு?

— ஆமா, நல்ல நாத்தம்! மல்லிப்பூ நாத்தம் மாதிரி. அது வந்தா மாமா கண்ணை மூடிச் சிரிக்கும், கஞ்சி குடிக்கும். ‘போயித் தம்பிகிட்டச் சொல்லு’ன்னுச்சு. நா சொன்னேன்ல?

— குமாரி... இந்தப் புள்ள என்ன சொல்லுது?

— இருங்க. மா சூ, பூவுல வர்றதும் நாத்தம், சாக்கடையில வர்றதும் நாத்தமா?

— பர்மாப் பேச்சுல ரெண்டுக்கும் அனன்தான் அத்தே. தமிழ்ல வேற வேறயா?

— வேற வேறதான் கண்ணு. எங்க தப்பு. நாங்க உன்னைய ஒரு வார்த்தை திருப்பிக் கேக்கல. மாமா இப்ப எப்படி இருக்காரு?

— நாலஞ்சு நாளா கஞ்சி குடிக்கல. காது கேக்காது, கண்ணும் மங்கிப்போச்சு, எந்திரிக்க முடியாது. மூக்கு ஒண்ணுதானே இருக்கு? இன்னிக்கு அழுவுது அத்தே. ‘நாத்தம் நின்னுபோச்சு. என் தம்பி முருகையா செத்துட்டான். நீங்க எல்லாரும் எங்கிட்ட மறைக்கிறீங்க’ன்னு அழுவுது.

— என்னங்க. குழாயைக் கழட்டிடலாமா?

— அது கெடக்கட்டும். ஏணியை எடுத்து அண்ணன் வீட்டுச் சுவத்துல சாத்து.

— உடம்பெல்லாம் புகை, கரி. கை காலையாவது கழுவிட்டுப் போங்க.

— கழுவக் கூடாது குமாரி. நாத்தத்தோட போனாத்தான் அண்ணனுக்கு ஆளு தெரியும்.