கடைசி முந்நூறு அடி

இல்ல சார், பேனாவ மூடாதீங்க. கேப்டன் விமானத்த வேகமா வந்து எறக்கிட்டார்னு எழுதியிருக்கீங்களே, அத அடிங்க. விசாரணை முடிஞ்சா முடிஞ்சதுதானா? அந்த மனுஷன் காலொடஞ்சு படுத்திருக்கார். ஒன்பது பேரக் கொன்னுட்டேன்னு அவரே நம்பிட்டார் சார்.

நானா? ஓடுபாதையப் பாத்துக்கறவன். வெளிய நிக்குதே ஓட்ட ஜீப்பு, அதான் என் ஆபீஸ். மழை பேஞ்சா, விமானம் வர்றதுக்கு முன்னாடி நாப்பது மைல் வேகத்துல ஓட்டி ஒரே மிதி. நின்னா, பிரேக் பிடிக்குதுன்னு டவருக்கு போன் போடுவேன். வழுக்குனா, வழுக்குதும்பேன். சிரிக்காதீங்க, இங்க வேற மெஷின் ஏது? என் இடுப்புதான் மெஷின்.

வழுக்குதுன்னு ஒரு வார்த்தை போதும், இந்தக் கேப்டன் திரும்பிப் போயிருவார். ரெண்டு தடவ போயிருக்கார். பயணிங்க வாய்க்கு வந்தபடி திட்டுனாங்க. காதுலயே போட்டுக்கல.

அன்னிக்கா? ஓட்டிப் பாத்தேன் சார், பாக்காம இருப்பேனா. மொதப் பாதி பரவால்ல. கடைசி முந்நூறு அடியில மிதிச்சேன் பாருங்க, ஜீப்பு சோப்புக்கட்டியாட்டம் வழுக்கி, அரை வட்டம் அடிச்சு, வந்த வழியப் பாத்து நின்னுச்சு. எஞ்சின் அணைஞ்சுபோச்சு. கூரை மேல மழை அடிக்கற சத்தம் மட்டும். அப்புறம் ஓரத்து ஷெட்டுக்குப் போயி டவருக்கு போன் போட்டேன். பிரேக் பிடிக்குதுன்னு சொன்னேன்.

தப்பாப் பாத்துட்டேன்னு எழுதாதீங்க. பொய்யி. தெரிஞ்சே சொன்னது. பாவம், அவரு எவ்ளோ மிதிச்சிருப்பார்... சக்கரம் நின்னுபோச்சு, விமானம் நிக்கலையே! பாதை முடிஞ்சும் போயி, பள்ளத்துல மூக்கு குத்தி, றெக்கையில சுத்தற காத்தாடி ரெண்டும் மண்ணத் தோண்டி...

எதுக்குச் சொன்னேனா?

அன்னிக்குக் காலையில டாக்டர் கைய விரிச்சுட்டார் சார். என் வீட்டுக்காரிக்கு. ராத்திரி தாண்டாதுன்னுட்டார். அவ வாசலயே பாத்துக்கிட்டு கெடந்தா. எங்க பொண்ணு அந்த விமானத்துலதான் வந்துக்கிட்டிருந்தா. அது திரும்பிப் போச்சுன்னா அடுத்தது மறுநாள்தான்.

வந்து சேந்துட்டா சார். அதே ஆஸ்பத்திரிதான். அம்மா மாடியில, மக கீழ பிணவறையில.

டாக்டர் சொன்ன கணக்கு தப்பாப்போச்சு. நாலு நாளாச்சு, அவ இன்னும் இருக்கா. இப்பக் கெளம்பறப்பக்கூடக் கேட்டா, விமானம் எறங்கிருச்சான்னு. எறங்கிருச்சுன்னு சொல்லிட்டுத்தான் வர்றேன்.