படத்தில் பார்த்த மன்னார்

— கையை மேல தூக்கினீங்களா? மெய்யா?

— மெய்தான் தம்பி. உள்ள இன்ரவியூ எடுக்கிற மனேச்சர் நல்ல மனுசன். "தோமஸ், உம்மைப் பற்றிக் கொஞ்சம் சொல்லும்" எண்டு தமிழிலதான் கேட்டவர். நான் பாய்ஞ்செழும்பி, அடையாள அட்டையை நீட்டி, ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிண்டனான். மதவாச்சி ஆமிச் செக்பொயின்ற்றில பழகின பழக்கம். அவர் எழும்பி வந்து என்ர பொக்கற்றைத் தடவுவார் எண்டு வேற காத்துக்கொண்டு நிக்கிறன்.

— அல்லாவே! அவர் என்ன சொன்னார்?

— "இருங்கோ தம்பி, இது சவர்க்காரக் கொம்பனி" எண்டார்.

— எனக்குச் சிரிப்பு வருது அண்ணன், கோவிக்காதீங்க.

— சிரியும், சிரியும். அடுத்தது உம்மட முறை. இந்தாரும், இந்தக் கழுத்து ரையைக் கட்டும். லொட்ஜ்காரன் இரவல் தந்தது. காலமை வாசலில நிண்டு "எருக்கலம்பிட்டி" எண்டு உம்மட வாயில கேட்ட உடனேயே நினைச்சனான், எங்கட மன்னார்ப் பெடியன், என்ர ரையைக் குடுக்கோணும் எண்டு. கொஞ்சம் வேர்வை ஊறிக் கிடக்கு, பாராதையும்.

— மெல்லக் கதைங்க. மூலையில இருக்கிறவரைப் பாருங்க, சிங்களப் பேப்பர். சீஐடி பொலிசா இருக்கும்.

— சனூன், யுத்தநிறுத்தம் வந்தும் உமக்கு அந்தப் பயம் போகேல்லை. அவரும் எங்களைப்போல வேலைக்கு வந்தவர். மடியில பைல் இருக்கு, பாரும்.

— வந்ததில இருந்து ஒரே பக்கத்தைத்தான் வாசிக்கிறார்.

— ஆறுதலா வாசிக்கட்டும். தமிழ் தெரியாத மனுசன், அவருக்கு எங்கட கதை என்னத்துக்கு? நீர் என்ர கதையைக் கேளும். மானம் போன கதை இனித்தான் வருது.

— கை தூக்கினதை விடவா?

— "எந்த ஊர்?" எண்டு கேட்டார். மன்னார் எண்டு சொன்னா, புலியோ பூனையோ எண்டு யோசிப்பினம். அதால நெஞ்சை நிமித்தி "கொழும்பு, வெள்ளவத்தை" எண்டனான். "பிறந்ததோ?" "பிறந்ததும் வளந்ததும்." நாலு நாள் லொட்ஜில படுத்தவன் நான்! அப்ப அவர் பெருமூச்சு விட்டுச் சொல்லுறார்: "பாதை திறந்திட்டுது. லொறியில சவர்க்காரம் கொண்டுபோய் விக்க மன்னாருக்குத்தான் ஆள் தேடுறம். நீர் மன்னார் பாத்திருக்கிறீரோ?"

— நீங்க?

— "படத்தில பாத்திருக்கிறன்" எண்டனான்.

— அண்ணன்! மன்னார் தோட்டவெளியில பிறந்துபோட்டு!

— மடு மாதாவாண, வாய் தானாச் சொல்லிப்போட்டுது. ஒரு பொய்க்கு மேல இன்னொரு பொய்யை ஏத்தியாச்சு, பிறகு எப்பிடி இறங்கிறது? அவர் மேசையில மன்னார் வரைபடத்தை விரிச்சு, "இதுதான் தீவு, இதுதான் பாலம்" எண்டு எனக்குப் படிப்பிச்சவர். நானும் "ஓகோ, பாலமும் இருக்கோ" எண்டு கேட்டுக்கொண்டிருந்தனான்.

— அப்ப வேலை மன்னாருக்கா? மெய்யாவே மன்னாருக்கா?

— ஓம். ஏன் தம்பி, முகம் ஒரு மாதிரிப் போகுது?

— தொண்ணூறில புலிகள் எங்கட முஸ்லிம் சனத்தை வெளிக்கிடச் சொன்னபோது எனக்குப் பத்து வயசு. அண்டைக்குப் புத்தளம் வந்தது, இன்னும் திரும்பிப் போகேல்ல. வாப்பா போகப் பயப்பிடுறார். போனா "ஏன் வந்தனீ" எண்டு ஆராவது கேட்டிருவாங்களாம். கொம்பனி லொறியில போனா ஒருத்தரும் கேக்க ஏலாதே அண்ணன்! சவர்க்காரம் விக்க வந்தன் எண்டு சொல்லலாமே!

— அப்ப கேளும். நான் கெட்டது கெட்டதுதான், நீராவது எடும். மன்னார் ஆள் எண்டு துணிஞ்சு சொல்லும். தீவில பாதிக் கிணறு உவர்த்தண்ணி, அதில நுரைக்கிற சவர்க்காரம்தான் போகும் எண்டு சொல்லும். மடுத் திருவிழாவுக்குக் காட்டில கொட்டில் போட்டுக் கிடக்கிற சனம் சின்னக் கட்டிதான் வாங்கும். கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் வெள்ளாமை வெட்டின கையோட போகவேணும், அதுக்கு முந்திப் போனா தேத்தண்ணி மட்டும் தருவினம். விளங்கிச்சோ?

— உவர்த்தண்ணி, சின்னக் கட்டி, வெள்ளாமை. உவர்த்தண்ணி, சின்னக் கட்டி, வெள்ளாமை...

— மணி அடிக்குது, ஓடும்! கையை மட்டும் தூக்காதையும்!

* * *

— என்ன, போன சுறுக்கிலயே வந்திட்டீர்?

— ரையைக் கழட்டுங்க அண்ணன், மூச்சு முட்டுது.

— கேட்டவரோ? உவர்த்தண்ணி சொன்னீரோ?

— ஒண்டும் வரேல்ல. மன்னார் எண்டு சொன்னன், அவருக்குச் சந்தோசம். "மன்னாரைப் பற்றிச் சொல்லும்" எண்டார். பத்து வயசில விட்டுட்டு வந்தவனுக்கு என்ன ஞாபகம் இருக்கும்? கழுதைதான் ஞாபகம் வந்தது. எங்கட ஒழுங்கையில நிக்கிற கழுதை, மழைக்குக் கடை வாசலில ஒதுங்கிற கழுதை... அதையே சொல்லிக்கொண்டு போனன். "சரி, சவர்க்காரத்தை ஆருக்கு விப்பீர்?" எண்டு கேட்டார்.

— ஐயோ, சொல்லாதையும்.

— "கழுதைக்கு" எண்டு வாயில வந்திட்டுது.

— தம்பி!

— அழுகையும் வந்தது. அவர் தண்ணி தந்து அனுப்பினார்.

— ஊர் தெரிஞ்சவன் படத்தில பாத்தன் எண்டான். ஊர் எண்டு உயிரை விடுறவனுக்குக் கழுதையை மட்டும்தான் தெரியும். எங்கள் ரெண்டு பேரையும் கூட்டிப் பிசைஞ்சா ஒரு மன்னார்க்காரன் வருவான்.

— மணி அடிக்குது. பேப்பர்க்காரர் எழும்புறார். அவருக்கு ரை இல்ல, பாவம்.

— எங்களுக்குத்தான் உதவேல்லை, அவருக்காவது உதவட்டும். மாத்தயா! இந்தாங்கோ! கழுத்து, கழுத்து! பாரும், சிரிச்சுக்கொண்டு வாங்கிறார், வாய் மட்டும் திறக்கிறார் இல்லை.

— போயிட்டார். நாங்களும் வெளிக்கிடுவமா?

— ரை வரட்டும், இல்லாட்டி லொட்ஜ்காரன் என்னைக் கொல்லுவான். சனூன், வேலை இல்லாட்டியும் ஒருக்கா வாரும். எங்கட வீட்டில நில்லும். ஆராவது "ஏன் வந்தனீ" எண்டு கேட்டா, தோமஸைப் பாக்க வந்தனான் எண்டு சொல்லும்.

— அதைக் கேட்கவே நல்லா இருக்கு அண்ணன். ஆனா வேலைக்கு எண்டு போறது வேற.

— ஓம். வேறதான்.

— கதவு திறக்குது. பேப்பர்க்காரர் வெளிய வாறார்.

— ரைக்கு ரொம்ப நன்றிங்க அண்ணே.

— என்ன! தமிழோ?

— ஆமாங்க. பேரு நல்லையா. ஊரு ஹட்டன் பக்கமுங்க. பஸ்ல தமிழ் பேப்பர் விரிச்சா எறக்கி விசாரிப்பாங்கன்னு அம்மா சிங்களப் பேப்பர் வாங்கிக் குடுத்துச்சு. எனக்குச் சிங்களத்துல ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாதுங்க. பயத்துல மடிக்கவும் இல்ல.

— அப்ப நாங்கள் கதைச்சது முழுக்க...

— கேட்டேங்க. மன்னாரு நான் பாத்ததில்லன்னு உள்ள உண்மையத்தான் சொன்னேன். ஆனா அந்த ஊர்க்காரங்க ரெண்டு பேரத் தெரியும், உவர்த்தண்ணிக்கு நுரைக்கிறதுதான் போகும்னு அவங்க சொன்னாங்கன்னேன். வேலை குடுத்துட்டாருங்க. மனசுக்குச் சங்கடமா இருக்கு.

— சங்கடப்படாதையும். வாயிருந்து கெட்டது நாங்கள்.

— இன்னொண்ணு சொன்னாருங்க. லாரியில உதவிக்கு ஒரு ஆள நானே சேத்துக்கலாமாம். ஊரு வழி தெரிஞ்ச ஆளா இருக்கணுமாம். ஒரே ஒரு எடந்தான். உங்கள்ல யாருக்குங்க வழி நல்லாத் தெரியும்?

— அண்ணனுக்குத்தான் தெரியும். எனக்குக் கழுதையை விட்டா...

— பேசாமல் இரும், சனூன். நல்லையா, தம்பியைக் கூட்டிக்கொண்டு போங்கோ. நான் வெள்ளவத்தை ஆள், மன்னாரைப் படத்தில மட்டும்தான் பாத்திருக்கிறன்.