நின்ற இடத்தில் எரிந்தது

— எண்ணெயில சத்து இல்லம்மா, அவ்வளவுதான். அத விட்டுட்டு டிரைவரைப் புடிச்சு உக்கார வச்சு விசாரிச்சா எப்படி?

— 'அம்மா'வெல்லாம் வேண்டாம். இது டிப்போ. நான் உங்கள டிரைவர்னுதான கூப்பிடுறேன்? நீங்களும் மேடம்னு கூப்பிடுங்க.

— சரிங்க மேடம். எண்ணெயில சத்து இல்லங்க மேடம்.

— எவ்வளவு இல்ல?

— அத அளந்து சொல்ல நான் என்ன டாக்டரா? மேட்டுல ஏறும்போது தெரியும். வெறும் டீசல்ல கம்முனு ஏறுற வண்டி, இதுல பள்ளிக்கூடத்துக்குப் போற புள்ள மாதிரி முனகிக்கிட்டே ஏறுது.

— ஒரு லிட்டர் டீசல் எரிஞ்சா வர்ற வலுவவிட, ஓட்டல் எண்ணெயக் காய்ச்சி நான் எடுக்கிற இந்த எண்ணெய் ஒரு லிட்டர்ல கொஞ்சம் கம்மிதான். அத நான் மறைக்கல. ஆனா உங்க டாங்குல இருக்கிறது முழுக்க என் எண்ணெய் இல்ல. எண்பது பங்கு டீசல், இருபது பங்கு என்னுது. அதுக்கு மைலேஜ் நூத்துக்கு ரெண்டு குறையலாம். உங்க வண்டியில அஞ்சரை குறைஞ்சிருக்கு. மீதி மூணரை எங்க போச்சு?

— ஃபில்டர் அடைச்சிருக்கும்.

— அது முதல் மாசம்.

— மூணு ஃபில்டர் மாத்தினோம். மறந்துட்டியா? நடு ரோட்டுல நின்னேன். அத்தனை பேரும் இறங்கி என்னைத்தான் பாத்தாங்க. கண்டக்டர் பையைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான்.

— அந்த அழுக்கு என் எண்ணெயோடது இல்ல. பத்து வருஷமா டீசல் உங்க டாங்குல விட்டு வச்ச வண்டல். என் எண்ணெய் அதக் கழுவி விட்டுச்சு. கழுவினது ஃபில்டர்ல வந்து நின்னுச்சு. அதுக்கப்புறம் ஒரு தடவையாவது அடைச்சுதா?

— இல்ல.

— சரி. அடுத்தது.

— ஹோஸ் கசிஞ்சிருக்கலாம். உன் எண்ணெய் பட்டா பழைய ரப்பர் ஊறிப் போயிடும்னு நீயே சொன்னே.

— சொன்னேன். ரெண்டாவது மாசமே எல்லா ஹோஸையும் மாத்தியாச்சு. இன்னைக்குக் காலையில உங்க வண்டிக்கு அடியில நானே படுத்துப் பாத்தேன். ஒரு சொட்டு இல்ல. அடுத்தது.

— குளிரு. குளிருக்கு எண்ணெய் உறைஞ்சு போகுதுன்னு...

— உறைஞ்சா வண்டி கிளம்பவே கிளம்பாது டிரைவர். கிளம்பி ஓடி மைலேஜ மட்டும் குறைக்காது. அடுத்தது.

— என்ன, அடுத்தது அடுத்ததுன்னு ரேஷன் கடை மாதிரி. அந்த டிரைவர் கண்ணாடியக் கூப்பிட்டுக் கேளு. அவனும் அதே ரோட்டுலதான ஓட்டுறான்.

— கண்ணாடி அண்ணனக் கேட்டாச்சு. அதே வருஷத்து வண்டி, அதே ரோடு, அதே டிரிப். அவர் டாங்குல தனி டீசல், உங்க டாங்குல கலப்பு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கத்தான் ஆறு மாசம் இந்தப் பரிசோதனையே. அவர் வண்டியில லிட்டருக்கு நாலு புள்ளி ரெண்டு. முதல் மாசம்லேருந்து ஆறாவது மாசம் வரைக்கும் அசையல.

— அவன் வண்டி பின்னாடி போய்ப் பாரு. கரும்புகை கக்குது. என் வண்டி புகைக்குழாயில கைக்குட்டைய கட்டிப் பாத்தேன், லேசா பழுப்பு அவ்வளவுதான். அத எழுதினியா?

— எழுதியிருக்கேன்.

— இன்ஜின் சத்தம் மெத்துனு ஆயிடுச்சு. முன்ன வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் காதுல கடகடன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். இப்ப இல்ல. கண்டக்டருக்கு இருமலே போச்சு. சட்டையில டீசல் நாத்தம் கிடையாது. என்ன ஒண்ணு, பொரிச்ச வாசனை. ஸ்டாண்டுல இருக்கிற நாயெல்லாம் என் பின்னாடியே வருது. கூட்டத்துல ஒரு அம்மா, 'யாரு தம்பி உள்ள சமைக்கிறது'ன்னே கேட்டுச்சு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— என் பொண்டாட்டின்னு சொன்னேன்.

— இது டிப்போ, டிரைவர்.

— தப்பா? சமைக்கிறது நீதான? ஊர் ஓட்டல் எண்ணெயெல்லாம் வாங்கி வந்து நீதான காய்ச்சுறே.

— போர்மேன் வாசல்லேருந்தே கேக்குறேன்மா, ரிப்போர்ட் ஆச்சா? நாலு மணிக்கு ஜீப் கிளம்புது. தலைமை ஆபீஸ்ல நாளைக்குக் காலையில மேசை மேல இருக்கணும்.

— இன்னும் அரை மணி நேரம் குடுங்க போர்மேன் அண்ணே. ஒரு இடம் மட்டும் பாக்கி.

— டிரைவர விசாரிக்கிற மாதிரி இருக்கு. நான் உள்ள வரல தாயி. புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல போனவன் யாரு நல்லா இருந்திருக்கான். ஆனா ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். மைலேஜ் நூத்துக்கு மூணுக்கு மேல குறைஞ்சா நீ எண்ணெய் காய்ச்சுற இந்த ஷெட்டைப் பூட்டிடுவாங்க. டயர் போட இடமில்லன்னு ஸ்டோர்காரன் இப்பவே வந்து நீளம் அகலம் அளந்துட்டுப் போயிட்டான்.

— தெரியும் அண்ணே. கதவ சாத்திட்டுப் போங்க.

— பூட்டிடுவாங்களா? என்கிட்ட யாரும் சொல்லலியே.

— ஏன் சொல்லணும்? உங்களுக்கு வண்டி ஓட்டுறது வேலை. எனக்கு இது ஏழு வருஷ உழைப்பு. அத நீங்க கேக்கல, நானும் சொல்லல.

— ஏழு இல்ல. எட்டு. நம்ம வீட்டு அடுப்படியில ஆரம்பிச்சத விட்டுட்டே.

— அத நான் சேக்குறதில்ல.

— எங்கம்மாவோட பெரிய அண்டாவுல காய்ச்சினே. ஏழு தடவையும் சோப்பாப் போச்சு. தெருவுக்கே சோப்பு குடுத்தோம்.

— எட்டாவது தடவ சோப்பாப் போகல. இருபது லிட்டர். தேன் நிறத்துல, அடியில விரலக் காட்டினா தெரியிற மாதிரி. மறுநாள் வந்து பாத்தா கேன் காலி. சாக்கடை மட்டும் பளபளன்னு இருந்துச்சு.

— அத இப்ப எதுக்கு...

— முதல்ல உங்க பழைய வேன்லதான் ஊத்தணும்னு வச்சிருந்தேன். உங்ககிட்ட சொல்லல. ஊத்திட்டு, ஓட்டிப் பாருங்கன்னு சாவியக் குடுக்கணும்னு இருந்தேன்.

— எனக்குத் தெரியாதே.

— தெரிஞ்சா சாக்கடையில ஊத்தியிருக்க மாட்டீங்களா?

— அந்த ஸ்பிரிட்டு வாசனை. நீ அதுல கலப்பியே, அது. நான் கிளீனரா இருந்தப்ப ஒரு வண்டி பத்தி எரிஞ்சத கண்ணால பாத்தவன். நீ அடுப்புப் பக்கத்துல நின்னு அத ஊத்தும்போதெல்லாம் எனக்கு அந்த வண்டிதான் ஞாபகம் வரும். உனக்கு ஏதாவது ஆயிடும்னு பயமா இருக்குன்னு சொல்லியிருக்கணும். அதச் சொல்ல வாய் வரல. 'இது வீடா, எண்ணெய்ச் செக்கா'ன்னு கேட்டேன். கேக்குறதுக்கு அதுதான் வந்துச்சு.

— நான் பெட்டியத் தூக்கினப்பவாவது சொல்லியிருக்கலாம்.

— அப்பவும் வாய் வரல. ஒரு வாரத்துல நீயே திரும்பி வந்துடுவேன்னு நெனச்சேன். அது ஏழு வருஷமாப் போச்சு.

— சரி. வேலையப் பாப்போம். முதல் ரெண்டு மாசம் உங்க வண்டியில மைலேஜ் சரியா இருந்துச்சு. நூத்துக்கு ரெண்டுதான் குறைஞ்சுது, நான் சொன்ன மாதிரியே. மூணாவது மாசம்தான் இறங்கிச்சு. அன்னைலேருந்து ஏறவே இல்ல. மூணாவது மாசம் என்ன ஆச்சு?

— எனக்கு எப்படித் தெரியும்?

— உங்க சீட்டுக்கு அடியில ஒரு சின்னப் பெட்டி இருக்கு. பாத்திருக்கீங்களா?

— ஃபியூஸ் பெட்டின்னு நெனச்சேன்.

— இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு காட்டுற மீட்டர். ரெண்டு வண்டியிலயும் மாட்டியிருக்கு. கண்ணாடி அண்ணன் வண்டியும் உங்க வண்டியும் ஒரே தூரம் ஓடியிருக்கு. ஆனா உங்க இன்ஜின் தினமும் நாப்பது நிமிஷம் கூட ஓடியிருக்கு. ஓடிச்சு, நகரல. நாப்பது நிமிஷம் நின்ன இடத்துல எரிஞ்சா ரெண்டு லிட்டர் கிட்ட போகும். அந்த மூணரை அதுதான். நாலு முப்பத்தஞ்சுக்குக் கேட்டைத் தாண்டுறீங்க. ஸ்டாண்டுக்குப் பத்து நிமிஷம். முதல் டிரிப் அஞ்சரைக்கு. நடுவுல எங்க நிக்கிறீங்க?

— டீ குடிக்க.

— டீக்கடை ஸ்டாண்டுலதான் இருக்கு. ஸ்டாண்டுக்கு நீங்க வந்து சேர்றது அஞ்சு இருபத்தஞ்சுக்கு. நேரங்காப்பாளர் எழுதி வச்சிருக்கார். டிரைவர், எனக்கு சண்டை போட நேரமில்ல. நாலு மணிக்கு ஜீப்பு. என் எண்ணெய் மேல பழி விழுந்தா இந்த ஷெட்டு போயிடும், அப்புறம் யாரும் என்னை நம்பி ஒரு கேன்கூட குடுக்க மாட்டாங்க. எங்க நிக்கிறீங்க?

— தண்ணித் தொட்டி முக்குல.

— எந்தத் தண்ணித் தொட்டி?

— உன் தெரு முக்குல. மூணாவது மாசம்தான நீ ஹாஸ்டல விட்டுட்டு அந்த மாடிக்குக் குடி வந்தே. கண்ணாடிதான் சொன்னான். ஸ்டாண்டுக்குப் போற வழிதான. ஒரு நாள் சும்மா நிறுத்தினேன். அப்புறம் பழகிப் போச்சு.

— ஏன் இன்ஜின நிறுத்தல? நிறுத்தியிருந்தா ஒரு சொட்டு போயிருக்காது. இந்த ரிப்போர்ட்டுல ஒண்ணுமே வந்திருக்காது.

— சொன்னா கோவப்படுவே.

— சொல்லுங்க.

— உன் எண்ணெய் மேல நம்பிக்கை இல்ல. முதல் மாசம் நடு ரோட்டுல நின்னவன் நான். நிறுத்திட்டு மறுபடி கிளம்பலன்னா? விடியிற நேரத்துல உன் வாசல்ல பஸ்ஸோட மாட்டிக்கிட்டு நின்னா, என்ன காரணம்னு சொல்லுவேன்?

— சிரிக்காதீங்க.

— நான் சிரிக்கல. நீதான் சிரிக்கிறே.

— மேல வந்து கதவத் தட்டியிருக்கலாம்ல.

— நீ திறக்க மாட்டேன்னு பயம் இல்ல. திறந்துட்டு, 'என்ன வேணும்'னு கேட்டுடுவியோன்னுதான் பயம். நீதான் வேணும்னு சொல்லணும். அதுக்குத்தான் எனக்கு வாய் வராதே.

— இப்ப வந்துச்சே.

— வண்டி இல்லாம வெறுங்கையோட உக்காந்திருக்கேன்ல, அதான். சரி, எழுதிடு. எண்ணெய் மேல குத்தம் இல்ல, டிரைவர் மேலதான் குத்தம்னு எழுது. நான் கையெழுத்துப் போடுறேன்.

— எழுதினா உங்கள அந்த வண்டியிலேருந்து இறக்கிடுவாங்க. ஆள் ஏத்தாம, நின்ன இடத்துல எரிச்சதுக்கு மெமோ வரும். வேற ரூட்டு போடுவாங்க.

— வடக்கு ரூட்டு போடுவாங்க. அது உன் தெரு பக்கமே வராது. தெரிஞ்சுதான் சொல்றேன். எழுது.

— யோசிச்சுச் சொல்லுங்க.

— ஒரு தடவ உன் எண்ணெயைக் கீழ ஊத்தினவன் நான். ரெண்டாவது தடவையும் ஊத்தச் சொல்றியா? பேனாவக் குடு. எங்க போடணும்?

— இங்க. தேதியும் போடுங்க.

— போட்டாச்சு. போதுமா?

— காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அங்க என்ன எழுதுறது?

— உண்மைய எழுது. நாலு மாசமா தினமும் அங்க நின்னான், அவ ஜன்னலப் பாத்தான்னு எழுது.

— அப்படி என்ன தெரியும் அங்கேருந்து?

— அஞ்சு மணிக்கு அந்த முன் ஜன்னல்ல விளக்கு எரியும். திரைக்குப் பின்னாடி நிழலு மட்டும்தான். தலைய சீவுறது தெரியும். ஒரு தடவ சீப்பு கீழ விழுந்துச்சு, குனிஞ்சு எடுத்தே. அஞ்சே காலுக்கு விளக்கு அணையும். அதுக்கு மேல கொஞ்ச நேரம் இருப்பேன், அப்புறம் கியரப் போட்டுட்டுப் போயிடுவேன். அவ்வளவுதான். அதுக்காகத்தான் ராத்திரி தூங்குறதே. மத்த நேரமெல்லாம் சும்மா ஓட்டிக்கிட்டிருக்கேன்.

— ஏங்க, முன் ரூம்ல இருக்கிறது ஒரு நர்சு, நான் இருக்கிறது பின் ரூம்ல. அதுவும் அந்நேரத்துக்கு நான் அங்க இருக்கவே மாட்டேன். நாலே காலுக்கெல்லாம் வந்து, விளக்குப் போடாம, இந்த ஷெட்டுக் கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருப்பேன், நீங்க வண்டி எடுத்துக்கிட்டுப் போறதப் பாக்க.