மஞ்சச் சீட்டு போட்ட போர்வை

…மஞ்சச் சீட்டுன்னா தள்ளுபடி. செவப்புச் சீட்டுன்னா கடையோட அட்டை வச்சிருக்கிறவங்களுக்கு மட்டும் தள்ளுபடி. வெள்ளச் சீட்டுன்னா என்னைய மாதிரி ஏமாளிங்களுக்கு முழு வெல. சரி, மஞ்சச் சீட்டு மேலயே செவப்புச் சீட்ட ஒட்டியிருந்தா? அத யாரும்மா படிச்சுச் சொல்றது? நீங்க வாங்குனதத் திருப்பிக் குடுக்கத்தான் இந்த வரிசையில நிக்கிறீங்களா? கெட்டிலா? ஒழுகுதா? ஒழுகும், ஒழுகும்! இங்க வாங்குனது ஒழுகலன்னாதான் அதிசயம்.

நான் டார்லீன். டார்லீன் ஹ்ரின்சுக். இந்த வின்னிபெக்ல இருபத்திரெண்டு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டுனவ. மைனஸ் முப்பத்தஞ்சு டிகிரிக் குளிருலயும் வண்டியக் கெளப்பியிருக்கேன். எனக்கு வெலச்சீட்டு படிக்கத் தெரியலையாம்!

எங்க வீட்டுக்காரரு ஒரெஸ்டுக்கு முட்டியில ஆபரேஷன். நாளைக்கு வீட்டுக்கு வர்றாரு. ராத்திரி காலு வெறச்சுப் போயிருமேன்னு கரண்டுல சூடாகுற போர்வை வாங்க வந்தேன். இந்தா, இதான். நீலம், ஓரத்துல பட்டை வச்சது. இது இருந்த அலமாரியில இத்தாம்பெருசு மஞ்சச் சீட்டு. இருவது டாலர்! பில் போடுற எடத்துல எவ்வளவு காட்டுது தெரியுமா? எம்பத்தொம்போது!

அதுவும் மொதல்ல, ஆளில்லாம நாமளே பில் போட்டுக்கிற மெஷின்ல நின்னேன். ‘பொருளைப் பையில் வைக்கவும்’ங்குது. வச்சா, ‘பையில் தெரியாத பொருள் உள்ளது’ங்குது. அடியே, நீதானடி வைக்கச் சொன்ன! அதுகிட்ட எங்க சண்ட போடறது? மனுஷங்க இருக்கிற கவுண்டருக்கு வந்தேன். பன்னெண்டு கவுண்டரு, ஆளு இருக்கிறது ஒண்ணுல. மரிசெல்னு ஒரு பொண்ணு. ‘அம்மா, அது சூப் கிண்ணத்தோட வெல’ங்கிறா. கிண்ணமா? கிண்ணத்தையா காலுக்குப் போத்துவாங்க?

விடுவேனா? பின்சீட்டுல கூத்தடிக்கிற வாண்டுங்கள அடக்குன குரலாச்சே இது! மொத்தக் கடையும் திரும்பிருச்சு. மேனேஜரு ஓடியாந்தாரு. அந்தப் பொண்ணுக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது. அவரு எங்கிட்ட, ‘இந்த வரிசையில நில்லுங்க’ன்னாரு. அவகிட்ட, ‘அந்த அலமாரிய அடுக்குனது நீதானே, உள்ள வா’ன்னாரு. அந்தா, அந்தக் கதவுதான். போயி கால் மணி நேரமாச்சு.

என்னம்மா? போர்வை எப்படிக் கிண்ணத்துக்கு நடுவுல வந்துச்சா? அதான், அடுக்குறவங்களுக்கு ஒரு இது வேணாம்? …இல்ல… அதாவது… போன வாரம் பாத்தப்ப, நீலத்துல இது ஒண்ணுதாம்மா மிச்சம். எனக்குப் பென்ஷன் வர இன்னும் நாலு நாள் இருந்துச்சு. அதுக்குள்ள எவளாவது தூக்கிட்டுப் போயிட்டா? சூப் கிண்ணத்த எவன் சீண்டப் போறான்னு… அதுக்குப் பின்னாடி நாந்தான்… சும்மா ஒரு பத்திரத்துக்கு வச்சு…

அப்படிப் பாக்காதீங்க. இன்னிக்கு அந்த மஞ்சச் சீட்டப் பாத்ததும், வெலையும் எறங்கிருச்சு போலன்னு நெசமாவே நெனச்சேன்! நமக்கு ஆதாயம்னா மனசு எதையும் நம்பிருதே. கிண்ணத்தோட வெலன்னு அந்தப் பொண்ணு சொன்னப்பவே எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆனா அதுக்குள்ள ஊரே வேடிக்க பாக்க ஆரம்பிச்சிருச்சு. அத்தன பேரு முன்னாடி எப்படிம்மா எறங்கி வர்றது?

இன்னும் அவ வெளிய வரல பாருங்க.

…வேலைய விட்டுத் தூக்கிருவாங்களா? ஏம்மா, தூக்க மாட்டாங்கல்ல?

என்னது, ஒங்க டோக்கன் நம்பரக் கூப்புடுறாங்களா? இருக்கட்டும், ஒரு நிமிஷம் இந்தப் போர்வையப் புடிங்க. புடிங்கன்னா!

சார்! மேனேஜர் சார்! கதவத் தொறங்க. அந்தப் புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க. திட்டு வாங்க வேண்டியவ இங்க நிக்கிறேன்.