செவ்வாய்க்கிழமை கட்டிங்

— இன்னிக்கு கடை லீவு மேடம். செவ்வாக்கெழமன்னா எந்த சலூனும் தொறக்காது. துண்டு அலசிகினு கீறேன், அதான் ஷட்டரு பாதி தூக்கியிருக்குது.

— தெரியும் கிருபாகரன் அண்ணா. முடி வெட்ட வரல. என் பேர் சௌம்யா. பின் தெருவுல தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்புலேருந்து பார்ட்ஸ் வாங்குற கம்பெனி எங்களோடது. அங்க யாரையும் அடைச்சு வெச்சு வேலை வாங்குறாங்களான்னு பாக்குறதுதான் என் வேலை. போன புதன்கிழமை செக்கிங் வந்தேன்.

— எனக்கு ஒண்ணுந் தெரியாது. நா யாராண்டயும் ஒண்ணுஞ் சொல்லல.

— சொன்னீங்கன்னு யார் சொன்னா? உக்காருங்க. உங்க பேர் எந்தக் காகிதத்துலயும் வராது.

— இல்ல மேடம், அங்க வேலைக்கு ஆள் சப்ளை பண்ற ஏஜென்ட்டுக்கு கோவில்பதாகைல என் ஊடு தெரியும். பொண்ணு படிக்கிற ஸ்கூலு தெரியும். உள்ள போயி கட்டிங் பண்ணிகினு வர்றப்பல்லாம், ‘பாத்தத இங்கியே வுட்டுட்டுப் போ’ன்னு தோள்ல கைய போடுவான்.

— இப்ப அவனே ஜெயில்ல இருக்கான். உள்ள இருந்த பதினெட்டு பேரும் வெளிய வந்தாச்சு. நேத்து சென்ட்ரல்ல நானே அவங்க ஊருக்கு ரயில் ஏத்தி விட்டேன். ஆதார் கார்டு அவங்கவங்க பாக்கெட்டுல.

— பதினெட்டு பேருமா? அதுல வயசானவரு ஒருத்தரு கீறாரே, வெட்டிகினு இருக்கப்பவே தூங்கிருவாரு. ஒரு கையால தலைய தாங்கிகினுதான் வெட்டுவேன்.

— அவர்தான் மொத ஆளா ஓடிப் போய் ஜன்னல் சீட்டைப் புடிச்சார்.

— அப்பாடா. இருங்க, கொஞ்சம் தண்ணி குடிச்சிக்கிறேன். ஆறு நாளா சோறே எறங்கல மேடம்.

— எப்படி மாட்டினான்னு கேக்கலியே?

— சொல்லுங்க.

— எல்லாமே பக்காவா வெச்சிருந்தான். கட்டில், ஃபேன், வருகைப் பதிவு, எல்லாம். கார்டு எங்கன்னு கேட்டா, லாக்கர்ல பத்திரமா இருக்குங்கறான். வேலை செய்யறவங்களும் வாயே தெறக்கல. சரின்னு கெளம்பி கார் கிட்ட வந்துட்டேன். அப்ப அவனாவே பெருமை அடிச்சுக்கிட்டான். ‘அடைச்சா மேடம் வெச்சிருக்கோம்? நேத்துகூட எல்லாரும் கடைத்தெருவுக்குப் போய் முடி வெட்டிட்டு வந்தாங்க, தலையைப் பாருங்க’ன்னு.

— நேத்துன்னா செவ்வா.

— அதான். ஊர்ல ஒரு சலூன் விடாம மூடியிருக்கிற நாள்ல எந்தக் கடையில வெட்டினாங்க? கேட்டேன். கடைப் பேரை மாத்தி மாத்தி உளறினான்.

— தவள தன் வாயாலயே கெடும்பாங்க.

— திரும்ப உள்ள போய் ஒவ்வொருத்தரையா தனியா உக்கார வெச்சுப் பேசினேன். மூணாவது ஆள் உடைஞ்சு அழுதுட்டார். போனைப் புடுங்கிட்டானாம். கதவுக்கு வெளிப்பக்கம் பூட்டாம். ஏழு மாசமா தெருவையே பாக்கலையாம். அங்க நின்னபடியே லேபர் ஆபீசுக்கும் போலீசுக்கும் போன் போட்டேன்.

— நீங்க நல்லா இருக்கணும் மேடம்.

— இருங்க அண்ணா, நான் உங்க மேல வருத்தத்தோடதான் வந்திருக்கேன். செக்கிங் வருதுன்னாலே தலையெல்லாம் நீட்டா இருக்கணும்னு உங்களைக் கூப்பிடுவானாம். மூணு தடவை போயிருக்கீங்க. பயம், வெளிய சொல்லல, அது எனக்குப் புரியுது. அதுக்குன்னு உங்க சங்கமே லீவு விட்ட நாள்லயும், அவன் கூப்ட்டான்னு பொட்டியைத் தூக்கிட்டு ஓடணுமா?

— ஓடல மேடம். இருவத்தாறு வருசத்துல செவ்வாக்கெழம நா கத்திரி தொட்டது அன்னிக்கு ஒரு நாளுதான்.

— அதான் ஏன்னு கேக்குறேன்.

— மின்ன ரெண்டு தபா வந்தவங்க வெளியூர்க்காரங்க. ‘இந்த தபா செக்கிங் வரது அம்பத்தூர் பொண்ணு, உஷாரா இருக்கணும்’னு அவனே பொலம்பினான். இந்தூரு பொண்ணுக்கு எங்க லீவு தெரியும்ல.

— அண்ணா…

— அவன் என்னிய கூப்ட்டது திங்கக்கெழமைக்கு மேடம். கை சுளுக்கிகினு கீது, செவ்வாக்கெழம வரேன்னு சொன்னது நானு.